திருச்சியில் குடியேறலாமா, தொழில் தொடங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒன்பது வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு திருச்சிக்கு வந்தேன். இப்போது வாழை இலை மொத்த வியாபாரம் செய்கிறேன். "நாங்களும் வரலாமா?" என்று கேட்டு யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேட்கும் ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை, அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஆற்றங்கரை ஊர் என்றதும் எல்லோர் மனதிலும் ஒரு படம் வரும். அந்தப் படம் வருடத்தில் ஏழெட்டு மாதத்துக்குச் சரி. மிச்ச மாதங்களையும் தெரிந்துகொண்டு வாருங்கள் என்பதற்குத்தான் இது.

ஆறு ஓடும் ஊர் தமிழ்நாட்டில் எத்தனையோ இருக்கிறதே, ஏன் திருச்சி?

ஈரோட்டிலும் காவிரி ஓடுகிறது, கும்பகோணத்திலும் ஓடுகிறது, திருநெல்வேலிக்குத் தாமிரபரணி இருக்கிறது, எந்த ஊரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் திருச்சியில் ஆறு ஊரின் ஓரமாகப் போவதில்லை, ஊருக்கு நடுவில் போகிறது. நகரத்துக்கு மேற்கே 18 கிலோமீட்டர் அளவில் முக்கொம்பு. அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நிலம்தான் ஸ்ரீரங்கம், திருவானைக்கா. கீழே கல்லணை பக்கம் வரும்போது இரண்டு ஆறும் மறுபடி நெருங்கி வந்துவிடும். தென்கரையில் மலைக்கோட்டை, உறையூர், கடைவீதி எல்லாம். அதாவது காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவரும், சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் வேலைக்குப் போகிறவரும் தினமும் ஆற்றைத் தாண்டித்தான் போகிறார்கள். தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து கடையில் சொல்வது இங்கே சாதாரணப் பேச்சு.

இன்னொன்று, இடம். தமிழ்நாட்டின் நடு என்று சும்மா சொல்லவில்லை. சென்னை 330 கிலோமீட்டர் அளவு, கோவை 210 அளவு, மதுரை 135, தஞ்சாவூர் 55. ராத்திரி எட்டு மணிக்கு ஏற்றிய சரக்கு விடிவதற்குள் இந்த எந்த ஊருக்கும் போய்விடும். எங்களைப் போல வாடிப்போகிற பொருளை விற்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வருடம் முழுக்க ஆற்றில் தண்ணீர் இருக்குமா?

இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மார்ச் மாதத்தில் வீடு பார்க்க வந்து, பாலத்தில் நின்று கீழே பார்த்து, "இதுவா காவிரி?" என்று முகம் வாடிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோடையில் மணல்தான், நடுவில் ஓரிரு இடத்தில் கணுக்கால் தண்ணீர். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

மேட்டூர் அணை 1934-இல் வந்தது. அன்றிலிருந்து எங்கள் காவிரி மேட்டூரின் கையில்தான் இருக்கிறது. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி குறுவை நெல் சாகுபடிக்காக அணையைத் திறப்பார்கள். நீர்மட்டம் போதாத வருடங்களில் தள்ளிப்போகும், கர்நாடகத்தில் மழை முன்னதாகவே கொட்டினால் முந்தியும் திறக்கும். திறந்து இரண்டு மூன்று நாளில் தண்ணீர் இங்கே வந்து சேரும்.

அந்தத் தண்ணீர் வருவதை ஒரு தடவையாவது நேரில் பாருங்கள். இரைச்சலோடு பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் விடிகாலையில் நின்றுகொண்டிருந்தோம். மணல் மேல் ஒரு கருத்த கோடு மாதிரி, முன்னால் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, மெதுவாக நகர்ந்து வந்தது. பள்ளம் கண்ட இடத்தில் நின்று, நிரம்பி, அப்புறம் அடுத்த பள்ளத்துக்குப் போனது. ஒரு நாய் பின்வாங்கிப் பின்வாங்கி அதைப் பார்த்துக் குரைத்தது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருத்தர் இறங்கிப் போய் முதல் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். நானும் இறங்கினேன். இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

குடிநீர் எப்படி?

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஒன்றே போதும். ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் நீரைச் சேகரிப்புக் கிணறுகள் வைத்து எடுத்து ஊருக்குக் கொடுக்கிறார்கள், அதனால் மேலே மணல் காய்ந்து கிடக்கும் மாதத்திலும் குழாயில் தண்ணீர் வருகிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கே இந்தப் பக்கத்துக் காவிரியிலிருந்துதான் குழாய் போகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. வீட்டு உரிமையாளர் "தண்ணீர் பிரச்சினையே இல்லை" என்று சொன்னால் அது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேளுங்கள். ஆற்றை விட்டுத் தெற்கே தள்ளிப்போகப் போகப் பாறை நிலம், போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பாருங்கள், குளியலறைக் குழாயில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அட்வான்ஸ் பேசலாம்.

எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

உங்கள் வேலை எங்கே என்பதைப் பொறுத்தது. பெல் (பி.எச்.இ.எல்.) ஆலைப் பக்கம், என்.ஐ.டி. பக்கம் வேலை என்றால் திருவெறும்பூர், துவாக்குடி. விமான நிலையம் பக்கம் என்றால் கே.கே. நகர். மருத்துவமனை, டியூஷன், கடைகண்ணி எல்லாம் கையெட்டும் தூரத்தில் வேண்டும் என்றால் தில்லை நகர், புத்தூர், உறையூர், வாடகை கூடத்தான் இருக்கும்.

ஸ்ரீரங்கம் தனிக் கதை. ரங்கநாதர் கோயில் 156 ஏக்கர், ஏழு பிராகாரம், அதில் வெளிப் பிராகாரங்களில் வீடும் கடையும் தபால்காரரும் பால்காரரும் என்று ஒரு முழு ஊர் நடக்கிறது. உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ குடியிருந்தால் தேரும் பெருமாள் புறப்பாடும் வீட்டு வாசலுக்கே வரும். எங்கள் வீடு திருவானைக்காவில். அங்கே உள்ள சிவன் கோயில் அப்புத் தலம், அதாவது பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது, கருவறையிலேயே ஊற்றுநீர் கசியும். ஆற்றில் வெள்ளம் ஓடும் நாட்களில் உள்ளே நீர் கூடுதலாகச் சுரக்கும் என்பார்கள். ஆறு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். தீவுப் பக்கம் குடியிருப்பதில் உள்ள கஷ்டம் பாலம்தான். 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தை 2022 கடைசியில் பழுதுபார்க்க மூடியபோது மாதக்கணக்கில் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் போனோம். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வண்டி எடுக்கவே வேண்டாம்.

வெள்ளம் வருமா? பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், விசாரித்துவிட்டு வாருங்கள். 1924 வெள்ளத்தைப் பெரியவர்கள் கதையாகக் கேட்டிருக்கிறார்கள், 1977 நவம்பர் புயல் வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், 2005 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் நினைப்பது போலக் காவிரி கரை புரண்டு ஊருக்குள் வருவது அபூர்வம். பெருவெள்ளம் வந்தால் அதை வாங்கிக்கொள்ளத்தான் கொள்ளிடம் இருக்கிறது. நகரத்துக்குள் தண்ணீர் புகுவது பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும். கோரையாறு, அரியாறு, குடமுருட்டி என்று வருடம் முழுக்க ஓடை மாதிரி கிடக்கும் காட்டாறுகள் ஐப்பசி கார்த்திகையில் மணப்பாறைப் பக்கத்து மழையை வாரிக்கொண்டு வரும். அவை வரும் நேரத்தில் காவிரியும் நிறைந்து ஓடினால் வடிய வழியில்லாமல் எதிர்த்துக்கொண்டு நிற்கும். அப்போதுதான் வீட்டுக்குள் தண்ணீர்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. வந்த புதிதில் கோரையாற்றுப் பக்கம் ஒரு புது வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். வாடகை குறைவாக இருந்தது, தரகர் "மேடான இடம் சார்" என்றார். கார்த்திகை மாதத்தில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காலைக் கீழே வைத்தேன், பாய் மிதந்தது. அரிசி மூட்டை, பிள்ளையின் புத்தகம் எல்லாம் போயிற்று. விடிந்ததும் தெருமுனை டீக்கடைக்காரர் கடைச் சுவரைக் காட்டினார், இடுப்பு உயரத்தில் ஒரு பழைய பழுப்புக் கோடு. "ரெண்டாயிரத்து அஞ்சுல இது வரைக்கும் தம்பி" என்றார். குடி வருவதற்கு முன்னால் அந்த டீக்கடையில் ஒரு டீ குடித்திருந்தால் போதும்.

அதனால் சொல்கிறேன்: வீடோ மனையோ பார்க்கும்போது அந்தத் தெருவில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். பழைய வரைபடத்தில் வாய்க்கால் எங்கே போகிறது என்று பாருங்கள். வயலை நிரவிப் போட்ட மனை என்றால் பக்கத்துத் தெருவைவிட எத்தனை அடி தாழ்வு என்று கண்ணாலேயே தெரியும்.

ஆற்றின் பலம் தெரியவேண்டும் என்றால் 2018 ஆகஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பில் கட்டிய மேலணையில் கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகளை ஒரே ராத்திரியில் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அதே வாரத்தில்தான் 1928-இல் கட்டிய கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலமும் இடிந்தது. பாலத்தில் அப்போது போக்குவரத்து இல்லை.

வெயில்?

கொளுத்தும். சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும், மலைக்கோட்டைப் பாறை ராத்திரியும் சூடு விடும். ஜூனில் தண்ணீரும் அதன் பின் ஆடிக்காற்றும் வந்ததும் தாங்கக்கூடியதாக ஆகிவிடும்.

என்ன தொழில் இங்கே எடுபடும்?

ஊரில் ஏற்கெனவே எதற்குக் கை பழகியிருக்கிறது என்று பாருங்கள். இரும்பு வேலைக்கு இங்கே மூன்று தலைமுறைக் கை இருக்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனை 1920-களில் வந்தது, 1960-களில் பெல் கொதிகலன் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. நல்ல வெல்டர் வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில்தான் தேடுவார்கள். ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பி நின்ற பட்டறைகள், அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது மிகவும் அடிபட்டன. பலர் மூடினார்கள். காற்றாலைக் கோபுரம், பாலத்து உத்தரம், ரயில்வே வேலை என்று மாறியவர்கள் நின்றார்கள். ஃபேப்ரிகேஷன் தொடங்குகிறவர்கள் முதல் நாளே மூன்று இடத்து ஆர்டரைப் பற்றி யோசியுங்கள்.

அப்புறம் ஆறு கொடுக்கும் தொழில்கள். வாழை, வெற்றிலை, முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய், பூ, நெல். வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993-இல் திருச்சியில் தொடங்கியது, இப்போது போதாவூரில் இருக்கிறது. மாவு, சிப்ஸ், நார், தண்டுச் சாறு என்று எதைச் செய்ய நினைத்தாலும் போய்க் கேளுங்கள், பயிற்சி கொடுக்கிறார்கள். பழத்தை அப்படியே விற்கிறவர்கள் இங்கே ஏராளம், பதப்படுத்துகிறவர்கள் குறைவு. எனக்குக் கையில் காசு இருந்தால் அதில்தான் போடுவேன்.

கல்லூரி மாணவர்களை நம்பிய தொழில்கள், அதாவது விடுதி, மெஸ், ஜெராக்ஸ், இவை எப்போதும் ஓடும். யாத்ரீகர்களை நம்பியதும் ஓடும், ஆனால் ஸ்ரீரங்கம், சமயபுரம் இரண்டிலும் இடம் கிடைப்பதுதான் பாடு.

வாழை இலை வியாபாரம் எப்படி நடக்கிறது? அதில் லாபம் இருக்கிறதா?

இருக்கிறது, பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தால். திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று கல்லணைச் சாலையில் போகப்போக இரண்டு பக்கமும் வாழைதான். விடிவதற்கு முன்னால் பனி ஈரத்தோடு அறுக்க வேண்டும், வெயில் ஏறினால் இலை மடிப்பில் வெடித்துவிடும். அறுத்ததை நுனி தனியாக, ஏடு தனியாக, டிபன் இலை தனியாகப் பிரிப்போம். பிரிப்பதில்தான் காசு. சின்னக் கிழிசல் இருந்தாலும் அது கல்யாணப் பந்திக்குப் போகாது, ஓட்டலுக்குத்தான். எங்களிடம் வேலை பார்க்கும், இருபது வருடமாக இலை பிரித்துப் பழகிய அக்கா ஒருவர் இலையைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை, விரலை நரம்பு மேல் ஓட்டியே பக்கவாட்டில் கிழிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

ஆவணி, தை மாதங்களில் முகூர்த்த நாள் நெருங்கினால் கட்டு விலை இரண்டு மூன்று மடங்கு ஏறும். மார்கழியில் கேட்க ஆளிருக்காது. ஆடியில் கல்யாணமும் இல்லை, போதாததற்குக் காற்று. அம்மியே பறக்கும் காற்றில் இலை என்ன ஆகும்? நார் நாராகிவிடும். வரப்போரம் அகத்தி நட்டுக் காற்றைத் தடுத்த தோட்டத்து இலை மட்டும் தேறும், அதற்கு அந்த மாதத்திலும் நல்ல விலை. ஆற்றில் அளவுக்கு மீறித் தண்ணீர் வந்தால் உத்தமர்சீலித் தரைப்பாலத்தில் ஏறி வாழைத் தோட்டங்களில் நிற்கும். நான்கைந்து நாள் நின்றால் வேர் அழுகிவிடும். அதனால் நான் கரையோரத் தோட்டம், மேட்டுத் தோட்டம் இரண்டிலும் குத்தகை பேசி வைத்திருக்கிறேன். வெள்ள வருடத்தில் ஒன்று காப்பாற்றும், வறட்சி வருடத்தில் மற்றது.

ஆற்றங்கரையிலேயே இடம் வாங்கித் தொழிற்சாலை வைக்கலாமா?

சாயம், தோல், ரசாயனம் போன்று அதிகம் மாசுபடுத்தும் தொழில் என்றால் நினைக்கவே வேண்டாம். காவிரியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அவற்றுக்கு அரசாணைத் தடை இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். மேலே ஒருவர் விடுவதைக் கீழே டெல்டா முழுக்கக் குடிக்கிறது. மற்ற தொழில்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவை வாங்கிய பிறகுதான் இடத்துக்குப் பணம் கொடுங்கள். துவாக்குடி சிட்கோ, மணப்பாறை சிப்காட் என்று தொழிலுக்கென்றே இடங்கள் இருக்கின்றன.

ஊருக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பார்த்தால் மனம் கலங்குகிறது. சோழர் காலத்தில் வெட்டியது, பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வந்து ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாய்கிறது, இத்தனை நூற்றாண்டு கழித்தும் வேலை செய்கிறது. நகரத்துக்குள் வரும்போது சாக்கடையை அதில் திருப்பி விட்டிருக்கிறோம். இங்கே தொழில் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் தன் கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒரு தடவை நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கடன், மானியம்?

மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு வைக்கலாம். மானியம் 15 முதல் 35 சதவீதம், நகரமா கிராமமா, விண்ணப்பிப்பவர் எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து மாறும். ஊருக்கு வெளியே கிராம ஊராட்சியில் தொடங்கினால் மானியம் கூடுதல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

போக்குவரத்து மாறிவிட்டது என்கிறார்களே?

ஆமாம். 2025 முதல் பெரும்பாலான வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர்ப் பேருந்து முனையத்திலிருந்து போகின்றன. புதிய விமான முனையம் 2024-இல் வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா என்று விமானங்கள் இருப்பதால் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பலர் இங்கே குடிவருகிறார்கள். காய்கறி, பூ ஏற்றுமதியும் விமானத்தில் போகிறது.

பிள்ளைகள் படிப்பு?

கவலையே வேண்டாம். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பிறகு இங்கே வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி, ஜமால் முகமது, பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ், 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாக வந்து இன்று என்.ஐ.டி., 2011-இல் ஐ.ஐ.எம். சென்னைக்கு அனுப்ப வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

வெளியூர்க்காரர்களை ஊர் எப்படி நடத்தும்?

ரயில்வேக்கும் பெல்லுக்கும் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் நிறைந்த ஊர். தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் தலைக்கு மேல் தாயுமானவர் கோயில், கண்ணெதிரே லூர்து அன்னை தேவாலயம், கொஞ்சம் தள்ளிப் போனால் நத்தர்வலி தர்கா. புதிதாக வந்தவனை "எந்த ஊர்?" என்று கேட்பார்கள், அதற்குப் பிறகு "சாப்பிட்டாச்சா?" தான். வியாபாரத்தில் மட்டும் நிதானம் வேண்டும். முதல் வருடம் கடனுக்குக் கொடுக்க மாட்டார்கள், இரண்டாம் வருடம் கேட்காமலே கொடுப்பார்கள்.

வந்து பார்க்க எந்த மாதம் வரட்டும்?

இரண்டு தடவை வாருங்கள். முதலில் மே மாதத்தில், நடு மத்தியானத்தில், மணல் தெரியும்போது. அந்த வெயிலில் வீடு பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள், இடத்தை அளந்து பாருங்கள்.

அப்புறம் ஆடிப்பதினெட்டுக்கு வாருங்கள். முந்தின ராத்திரியே வந்து தங்கிவிடுங்கள், காலையில் பாலத்தில் வண்டி நகராது. ஐந்து மணிக்கெல்லாம் அம்மா மண்டபம் படித்துறை நிறைந்துவிடும். புதிதாகக் கல்யாணமானவர்கள் மாலையைத் தண்ணீரில் விடுவார்கள், பெண்கள் காதோலை கருகமணி வைத்துப் படைத்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள், யாராவது ஒருவர் தெரியாத உங்கள் மனைவிக்கும் ஒரு கயிற்றை நீட்டுவார், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். குளித்துக் கரையேறியதும் புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் வரும். எங்கள் குடும்பம் படித்துறையின் இடது பக்கம், அரசமரத்தடியில்தான் வருடா வருடம் உட்காருவோம். இலை நான் கொண்டுவருகிறேன்.